ப்ரோநவுன் எழுதுமுன் திரும்பிப் பார்க்க வேண்டிய சொல்

"ஒன் ஆஃப் த பாய்ஸ் லாஸ்ட் தெயர் பஸ் பாஸ்."

வேகமாகப் படிக்கிறவருக்கு இதில் ஒன்றும் உறுத்தாது. காதில் கடைசியாக விழுந்த பெயர்ச்சொல் பாய்ஸ். பாய்ஸ் என்றால் பலர், பலருக்கு 'தெயர்' என்று கை எழுதிவிடுகிறது. ஆனால் பஸ் பாஸைத் தொலைத்தது அந்தப் பையன்கள் எல்லாரும் இல்லை, அவர்களில் ஒருவன். "ஒன் ஆஃப் த பாய்ஸ் லாஸ்ட் ஹிஸ் பஸ் பாஸ்" என்பதே வழாத வாக்கியம். வங்கித் தேர்வு வினாத்தாளில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதியில் இந்த அச்சில் வார்த்த கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அலுவலகக் கடிதங்களிலும் பள்ளிச் சுற்றறிக்கைகளிலும் இதே பிழை நிறைந்து கிடக்கிறது.

ஆங்கிலத்தில் பெயருக்குப் பதிலாக வரும் சொல்தான் ப்ரோநவுன். ஹி, ஷி, இட், தே போன்ற இந்தச் சொற்களுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. வாக்கியத்தில் முன்னால் வந்த ஏதோ ஒரு பெயரைத்தான் அவை சுட்டும். சுட்டப்படும் அந்தப் பெயர்தான் ஆன்டிசிடென்ட். அது ஒருமையா பன்மையா, ஆணா பெண்ணா பொருளா, பேசுகிறவரா கேட்கிறவரா வேறொருவரா என்று பார்த்து, அதற்கு ஒத்த ப்ரோநவுனைப் போட வேண்டும். இவ்வளவுதான் விதி. சிக்கலெல்லாம் ஆன்டிசிடென்ட் எது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களில் திணை, பால், இடம் மூன்றும் இதே வேலையைத்தான் காவல் காக்கின்றன. 'அவள் வந்தான்' என்றால் பால் வழு. ஒரு வேறுபாடு உண்டு. நம் ஐம்பாலில் எண்ணும் பாலும் ஒன்றாகவே பின்னிக்கிடக்கின்றன: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். ஆங்கிலத்தில் ஒருமைக்கு மட்டும்தான் ஆண், பெண், பொருள் என்ற பிரிவு. பன்மைக்குப் போனால் அவர்களும் அவையும் சேர்ந்து ஒரே 'தே' ஆகிவிடுகின்றன. தமிழில் வினைமுற்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் 'வந்தான்' என்றாலே போதும், 'அவன்' தேவையில்லை. ஆங்கில வினைக்கு அந்தச் சக்தி இல்லை. 'கேம்' என்றால் வந்தது யார் என்று தெரியாது. சுமை முழுவதும் ப்ரோநவுன் தலையில் விழுகிறது. அதனால்தான் அது தப்பினால் வாக்கியமே தடம் மாறிவிடுகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆன்டிசிடென்ட் முடிவு செய்வது எண், பால், இடம் மூன்றை மட்டும். ஹி, ஹிம், ஹிஸ் ஆகியவற்றில் எந்த உருவம் என்பதை அது முடிவு செய்யாது. "த மேனேஜர் கால்டு மீ அண்ட் ஐ மெட் ஹிம்" என்ற வாக்கியத்தில் மேனேஜர் எழுவாயாக இருந்தாலும், இரண்டாம் பாதியில் சந்திக்கப்பட்டவர் அவர் என்பதால் 'ஹிம்'. "லெட் ஹி அண்ட் ஐ கோ" என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 'லெட்' எதிர்பார்ப்பது ஹிம், மீ.

சரிபார்க்கும் முறை எளிது. எழுதி முடித்த பத்தியில் ஒவ்வொரு ப்ரோநவுன் மீதும் பென்சிலை வையுங்கள். 'யார்?' அல்லது 'எது?' என்று கேளுங்கள். பதிலாக வரும் பெயரை முன்னால் தேடி அடிக்கோடிடுங்கள். அந்தப் பெயருக்கும் ப்ரோநவுனுக்கும் நடுவே 'ஆஃப்', 'வித்', 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' என்று தொடங்கும் துண்டு இருந்தால் அதைத் தற்காலிகமாக மூடிவிடுங்கள். பிறகு ப்ரோநவுனுக்குப் பதிலாக அந்தப் பெயரையே போட்டு வாய்விட்டுப் படியுங்கள். அடிக்கோடிட ஒரு பெயரும் கிடைக்கவில்லை என்றாலோ, இரண்டு பெயர்கள் போட்டிபோட்டாலோ, வாக்கியத்தைத் திருப்பி எழுதியே ஆக வேண்டும்.

"த பிரின்சிபல், அலாங் வித் த டீச்சர்ஸ், கேவ் ஹெர் கன்சென்ட்." நடுத்துண்டை மூடினால் பிரின்சிபல் மட்டும் மிஞ்சுகிறார். டீச்சர்கள் எத்தனை பேர் கூட இருந்தாலும் கணக்கில் வர மாட்டார்கள். ஆனால் 'அண்ட்' போட்டால் நிலைமை வேறு. "த பிரின்சிபல் அண்ட் த டீச்சர்ஸ் கேவ் தெயர் கன்சென்ட்" என்று பன்மையாகிவிடும். 'அண்ட்' கூட்டும், 'அலாங் வித்' கூட்டாது.

'அண்ட்' வந்தும் ஒருமையாக நிற்கும் இடங்கள் இரண்டு உண்டு. இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறித்தால் ஒருமை: "மை ஃப்ரெண்ட் அண்ட் அட்வைசர் சேஞ்ச்டு ஹிஸ் மைண்ட்." இதில் 'அட்வைசர்' முன்னால் இன்னொரு 'மை' சேர்த்தால் இரண்டு ஆட்களாகி 'தெயர் மைண்ட்ஸ்' வந்துவிடும். இரண்டாவது இடம், முன்னால் 'ஈச்' அல்லது 'எவ்ரி' நிற்பது: "எவ்ரி பைக் அண்ட் எவ்ரி கார் மஸ்ட் ஹாவ் இட்ஸ் ஓன் நம்பர் பிளேட்."

ஆர், நார் வந்தால் ப்ரோநவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும். "ஐதர் த பிளம்பர் ஆர் ஹிஸ் ஹெல்பர்ஸ் லெஃப்ட் தெயர் டூல்ஸ் ஹியர்" என்பதில் பக்கத்தில் இருப்பது ஹெல்பர்ஸ், ஆகவே தெயர். வரிசையை மாற்றி பிளம்பரைக் கடைசியில் வைத்தால் 'ஹிஸ் டூல்ஸ்' என்று எழுத வேண்டிவரும். விதிப்படி சரி, காதுக்கு ஒவ்வாது. எனவே ஒருமையும் பன்மையும் கலந்து வந்தால் பன்மையைக் கடைசியில் வையுங்கள். ஆணும் பெண்ணும் கலந்து வந்தால் ப்ரோநவுனையே தவிர்ப்பது மேல். "ஐதர் குமார் ஆர் கீதா வில் பிரிங் ஹெர் லேப்டாப்" என்றால் குமார் விழிப்பார். "வில் பிரிங் எ லேப்டாப்" என்று எழுதினால் வேலை முடிந்தது.

பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஈச், ஐதர், நைதர், ஒன், எவ்ரிஒன், எவ்ரிபடி, எனிஒன், சம்ஒன், நோபடி முதலியவை ஒருமை. போத், ஃபியூ, மெனி, செவரல் பன்மை. ஆல், சம், எனி, மோஸ்ட், நன் என்ற ஐந்தும் பின்னால் வரும் 'ஆஃப்' துண்டைப் பார்த்து மாறும். மேலே 'ஆஃப்' துண்டை மூடச் சொன்னேன் அல்லவா, இந்த ஐந்துக்கு மட்டும் அதைத் திறந்து வைக்க வேண்டும். "சம் ஆஃப் த ரைஸ் லாஸ்ட் இட்ஸ் ஸ்மெல்", ஆனால் "சம் ஆஃப் த பாசஞ்சர்ஸ் லாஸ்ட் தெயர் பேக்ஸ்." அரிசியை எண்ண முடியாது, பயணிகளை எண்ணலாம். 'மெனி' பன்மைதான் என்றாலும் 'மெனி எ' என்று வந்தால் ஒருமை: "மெனி எ சோல்ஜர் லாஸ்ட் ஹிஸ் லைஃப்." பேச்சில் யாரும் சொல்வதில்லை, தேர்வுத்தாளில் மட்டும் உயிரோடிருக்கிறது.

'ஈச்' எங்கே நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். "ஈச் ஆஃப் த பாய்ஸ் ஹாஸ் ஹிஸ் ஓன் லாக்கர்" என்பதில் எழுவாய் ஈச், எனவே ஒருமை. "த பாய்ஸ் ஈச் ஹாவ் தெயர் ஓன் லாக்கர்ஸ்" என்பதில் எழுவாய் பாய்ஸ், ஈச் வெறும் ஒட்டு, எனவே பன்மை. 'ஈச்' என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமை போடுகிறவர்கள் இரண்டாவது வாக்கியத்தில் சறுக்குவார்கள்.

இதைவிட நுட்பமான ஒரு ஜோடி உண்டு. "ஷி இஸ் ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ பிரிங் தெயர் ஓன் மார்க்கர்ஸ்." சொந்தமாக மார்க்கர் கொண்டுவரும் டீச்சர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் இவர் ஒருவர். 'ஹூ' பின்னால் வருவதெல்லாம் டீச்சர்ஸைப் பற்றியது. அதனால் பிரிங், தெயர் இரண்டும் பன்மை. "ஷி இஸ் த ஒன்லி ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ பிரிங்ஸ் ஹெர் ஓன் மார்க்கர்ஸ்." இங்கே கொண்டுவருகிறவர் இவர் மட்டும், எனவே ஒருமை. 'த ஒன்லி' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும் என்று சொல்லித்தருவார்கள். என் கருத்தில் பொருளைக் கேட்டு முடிவு செய்வதே நல்லது: அந்தப் பழக்கம் பலருக்கா, இவருக்கு மட்டுமா?

கமிட்டி, டீம், ஜூரி, ஃபேமிலி, கவர்ன்மென்ட் போன்ற கூட்டுப்பெயர்களில் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்க எழுத்தில் அவை பெரும்பாலும் ஒருமை, 'இட்ஸ்'. பிரிட்டிஷ் எழுத்தில் உறுப்பினர்களை மனதில் வைத்துப் பன்மையாகவும் எழுதலாம், "த டீம் ஆர் கான்ஃபிடென்ட் ஆஃப் தெயர் சான்சஸ்" என்று. கிரிக்கெட் வர்ணனையில் 'இந்தியா ஆர் பேட்டிங்' என்று கேட்கும் நமக்கு இது பழக்கமே. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. "த கமிட்டி ஹாஸ் சப்மிட்டட் தெயர் ரிப்போர்ட்" என்ற வாக்கியத்தில் வினை ஒருமை, ப்ரோநவுன் பன்மை. தேர்வில் இது பிழை. 'ஹாஸ்' எழுதிவிட்டீர்கள் என்றால் 'இட்ஸ்' தான். வங்கிக்கு எழுதும் புகார்க் கடிதத்தில் "த பேங்க் ஹாஸ் டிடக்டட் த அமௌன்ட். தே ஹாவ் நாட் ரிப்ளைட்" என்று முதல் வரியில் ஒருமையாக இருந்த வங்கி அடுத்த வரியில் பலராகிவிடுவதும் இதே கதைதான். வங்கியை 'இட்' என்று எழுதத் தயக்கமாக இருந்தால் "த பிராஞ்ச் ஸ்டாஃப்" என்று ஆட்களைக் குறிக்கும் பெயரைக் கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து 'தே' போடுங்கள்.

நியூஸ், மேத்தமேட்டிக்ஸ் ஆகியவை எஸ் எழுத்தில் முடிந்தாலும் ஒருமை, 'இட்'. சிசர்ஸ், ட்ரௌசர்ஸ் ஒரே பொருளாக இருந்தாலும் பன்மை, 'தே'. 'எ பேர் ஆஃப்' சேர்த்தால் இலக்கணப்படி ஒருமைக்குத் திரும்பும்.

இனி ஆங்கில இலக்கணத்தில் நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை நடக்கும் இடத்துக்கு வரலாம். "எவ்ரிஒன் மஸ்ட் பிரிங் ___ ஐடி கார்டு." எவ்ரிஒன் ஒருமை. ஆனால் ஆணும் பெண்ணும் அடங்கிய ஒருமை. ஆங்கிலத்தில் அதற்கென்று தனிச் சொல் இல்லை. ஹிஸ் போட்டால் பெண்கள் விடுபடுகிறார்கள், ஹிஸ் ஆர் ஹெர் போட்டால் வாக்கியம் தள்ளாடுகிறது, தெயர் போட்டால் எண் தப்புகிறது.

ஆங்கிலேயர்கள் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படிப்பட்ட இடத்தில் 'தே' போட்டு எழுதியிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரிலும் ஜேன் ஆஸ்டெனிலும் அதைக் காணலாம். 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் அதைப் பிழை என்று ஒதுக்கி, 'ஹி' இரு பாலுக்கும் பொது என்று விதி வகுத்தார்கள். சட்டமும் அதற்குத் துணை நின்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1850இல் இயற்றிய சட்டம் ஒன்று, சட்டங்களில் ஆண்பாலாக வரும் சொற்கள் பெண்ணையும் உள்ளடக்கும் என்றது. நம் இந்திய தண்டனைச் சட்டம் 1860இலேயே எட்டாம் பிரிவில், 'ஹி' என்ற ப்ரோநவுனும் அதிலிருந்து பிறந்தவையும் ஆண், பெண் யாரையும் குறிக்கும் என்று எழுதிவைத்தது. 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஆண்பால் பெண்பாலையும் ஒருமை பன்மையையும் பன்மை ஒருமையையும் உள்ளடக்கும் என்றது. தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் 'ஹி' என்பதை விடவில்லை. அது ஆண், பெண், திருநர் யாரையும் குறிக்கும் என்று இரண்டாம் பிரிவில் விரித்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்திலும் நிறுவன விதிகளிலும் இன்றைக்கும் 'ஹி' மட்டுமே வருகிறது என்றால் அந்த மரபின் தொடர்ச்சி அது.

சட்டத்துக்கு வெளியே காற்று திரும்பிவிட்டது. அமெரிக்கப் பத்திரிகைகள் பின்பற்றும் ஏபி நடைக் கையேடு 2017இல், வேறு வழியில் எழுதினால் வாக்கியம் இடறும் இடங்களில் ஒருமை 'தே'யை அனுமதித்தது. ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஏபிஏ கையேடு 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் அதை வெளிப்படையாக ஏற்றது. அதே 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாக 'தே'யைத் தேர்ந்தெடுத்தது. ஆணென்றும் பெண்ணென்றும் தன்னை அடையாளப்படுத்தாத ஒருவர் தன்னைத் 'தே' என்று குறிப்பிடச் சொன்னால் அப்படியே குறிப்பிடுவதும் இப்போது வழக்கம். அங்கே அந்தக் குறிப்பிட்ட ஆளுக்கு அதுவே சரியான ப்ரோநவுன், வேறு எதுவும் பிழை.

ஒருமையைக் குறித்தாலும் 'தே'க்கு வினை பன்மையாகவே வரும். 'தே இஸ்' கிடையாது, 'தே ஆர்' தான். இதில் விந்தை ஒன்றுமில்லை. 'யூ' ஆதியில் பன்மைச் சொல். ஒருமைக்கு 'தௌ' இருந்தது. அது வழக்கொழிந்து 'யூ' ஒருமைக்கும் வந்தபோது 'ஆர்' என்ற பன்மை வினையைக் கூடவே கொண்டுவந்தது. ஒரே ஒருவரைப் பார்த்து 'யூ ஆர்' என்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழிலேயே நல்ல கருவி இருக்கிறது. வழுவை நம் இலக்கணம் இரண்டாகப் பார்க்கிறது. வெறும் வழு ஒன்று. காரணம் இருப்பதால் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும் வழுவமைதி இன்னொன்று. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்போம். உவப்பு என்ற காரணம் இருப்பதால் ஏற்கப்படுகிறது. ஒருமை 'தே'யை நான் எண் வழுவமைதி என்றே கொள்கிறேன். பால் தெரியாதது அல்லது இரு பாலும் அடங்கியது அதன் காரணம். காரணம் இல்லாத இடத்தில் அது வெறும் வழு. முதலில் பார்த்த பஸ் பாஸ் வாக்கியத்தில் தொலைத்தவன் பையன் என்பது தெரிந்த சங்கதி. அங்கே 'தெயர்' போட எந்தக் காரணமும் இல்லை.

ஒருமைதான் வேண்டும் என்று கண்டிப்பாக நிற்கும் பழைய இலக்கணமே ஓரிடத்தில் இறங்கி வந்துவிடுகிறது. "எவ்ரிஒன் ஹாஸ் கம்" என்ற வாக்கியத்துக்குக் கொஸ்டின் டேக், அதாவது கடைசியில் ஒட்டும் குட்டிக் கேள்வி, என்ன? 'ஹேவன்ட் தே?' வினை 'ஹாஸ்' ஒருமை, டேகில் 'தே' பன்மை. தேர்விலும் இதுதான் விடை. 'ஹாஸன்ட் ஹி?' என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

நடைமுறையில் என்ன எழுதுவது? பள்ளிச் சுற்றறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். "ஈச் பேரன்ட் இஸ் ரிக்வெஸ்டட் டு கலெக்ட் ஹிஸ் வார்ட்'ஸ் ரிப்போர்ட் கார்டு ஃப்ரம் த கிளாஸ் டீச்சர்." வாங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் அம்மாக்கள். 'ஹிஸ்' என்பதை 'ஹிஸ் ஆர் ஹெர்' ஆக்கினால் இந்த ஒரு வரி தாங்கும். அடுத்த வரியில் "இஃப் ஹி ஆர் ஷி இஸ் அனேபிள் டு கம், ஹி ஆர் ஷி மே சென்ட் எ லெட்டர் த்ரூ ஹிஸ் ஆர் ஹெர் வார்ட்" என்று போகும்போது படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். 'தெயர்' ஆக்கலாம், பிழை என்று இன்றைக்குப் பெரும்பாலோர் சொல்ல மாட்டார்கள். ஆனால் 'தெயர் வார்ட்' என்றால் 'ஈச்' பக்கத்திலேயே நிற்பதால் கண்டிப்பான வாசகர் ஒருவர் சிவப்பு மையை எடுக்கக்கூடும். மிகச் சுத்தமான வழி, ஆன்டிசிடென்ட்டையே பன்மை ஆக்குவது: "பேரன்ட்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு கலெக்ட் தெயர் வார்ட்ஸ்' ரிப்போர்ட் கார்ட்ஸ்." ரிப்போர்ட் கார்டும் பன்மையாவதைக் கவனியுங்கள். பேரன்ட்ஸை மட்டும் மாற்றிவிட்டு 'கார்டு' என்று ஒருமையில் விட்டால் ஊரே சேர்ந்து ஒரே கார்டை வாங்கப் போவதுபோல் ஆகிவிடும். நேரடியாகப் பேசுவது இன்னும் இதம்: "ப்ளீஸ் கலெக்ட் யுவர் சைல்ட்'ஸ் ரிப்போர்ட் கார்டு." ப்ரோநவுனே இல்லாமலும் முடியும்: "ஈச் பேரன்ட் இஸ் ரிக்வெஸ்டட் டு கலெக்ட் த ரிப்போர்ட் கார்டு." யாருடைய கார்டு என்று யாரும் கேட்கப் போவதில்லை. என் தேர்வு எப்போதும் பன்மை ஆக்குவதுதான். அது எந்தப் பள்ளி இலக்கணத்துக்கும் எந்த நாட்டு வழக்குக்கும் ஒத்துவரும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் போட்டித் தேர்வுகளின் பிழைதிருத்தம் இன்னும் பழைய விதியில்தான் நிற்கிறது. 'ஈச்', 'எவ்ரி', 'எவ்ரிஒன்' பின்னால் 'தெயர்' வந்து, மற்ற பகுதிகளில் வேறு பிழை இல்லை என்றால் அதையே குறியுங்கள். அதேபோல் 'ஒன்' என்று தொடங்கினால் 'ஒன்ஸ்' என்றே தொடர வேண்டும் என்பதும் அங்கே விதி: "ஒன் மஸ்ட் டூ ஒன்ஸ் டியூட்டி." அமெரிக்க வழக்கில் இரண்டாவது இடத்தில் 'ஹிஸ்' வரும். 'ஒன்' என்று தொடங்கி நடுவில் 'யூ' என்று தாவுவது மட்டும் எங்கேயும் ஏற்கப்படாது. "இஃப் எ பர்சன் வான்ட்ஸ் எ பாஸ்போர்ட், யூ மஸ்ட் அப்ளை ஆன்லைன்" என்பதும் அந்த இட வழுவே.

எண்ணும் பாலும் பொருந்தியிருந்தும் வாக்கியம் கெடும் வகை ஒன்று இருக்கிறது. "ரவி டோல்டு குமார் தட் ஹிஸ் ஃபாதர் வாஸ் வெயிட்டிங்." காத்திருந்தது யாருடைய அப்பா? தமிழில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. 'ரவி குமாரிடம் தன் அப்பா காத்திருப்பதாகச் சொன்னான்' என்றால் ரவியின் அப்பா. 'தன்' எழுவாயை நோக்கியே திரும்பும். ஆங்கிலத்தின் 'ஹிஸ்' அப்படிக் கட்டுப்படுவதில்லை. நாம் மனதில் 'தன்' என்று நினைத்துக்கொண்டு 'ஹிஸ்' எழுதுகிறோம், நமக்குத் தெளிவாக இருக்கிறது, படிக்கிறவருக்கு இல்லை. நேர்ப்பேச்சாக மாற்றுவதே சுருக்கமான தீர்வு: "ரவி டோல்டு குமார், 'மை ஃபாதர் இஸ் வெயிட்டிங்.'" அல்லது பெயரையே மறுபடி சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் பெயரைத் திரும்பச் சொல்வது குற்றமில்லை, குழப்புவதுதான் குற்றம்.

'திஸ்', 'விச்', 'இட்' மூன்றும் முந்தைய வாக்கியம் முழுவதையும் காற்றில் சுட்டும்போதும் இதே கோளாறு. "த சர்வர் ஃபெயில்டு அண்ட் த பேக்அப் வாஸ் ஓல்டு. திஸ் காஸ்டு த டிலே." எது தாமதத்துக்குக் காரணம்: சர்வரா, பேக்அப்பா, இரண்டுமா? 'திஸ்' பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் சேர்த்துவிடுங்கள், 'திஸ் ஃபெயில்யூர்' என்று. ஒரு சொல்லில் தீரும்.

ஆன்டிசிடென்ட் உடைமைப் பெயராக, அதாவது 'ரவி'ஸ்' என்ற உருவத்தில், இருக்கலாமா என்ற சர்ச்சை அமெரிக்காவில் ஒரு தேர்வையே உலுக்கியது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்கு முன்னோட்டமாக அங்கே பள்ளி மாணவர்கள் எழுதுவது பிஎஸ்ஏடி. 2002 அக்டோபரில் நடந்த அந்தத் தேர்வில் பிழை கண்டுபிடிக்கும் கேள்வியாக ஒரு வாக்கியம் வந்தது. "டோனி மாரிசன்'ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹெர் டு கிரியேட் நாவல்ஸ்" என்று அது தொடங்கும். பிழை இல்லை என்பதே தேர்வு நடத்தியவர்களின் விடை. மேரிலாந்து மாநில ஆசிரியர் ஒருவர் விடவில்லை. 'ஹெர்' சுட்டுவது மாரிசனை, ஆனால் வாக்கியத்தில் இருப்பது 'மாரிசன்'ஸ்' என்ற உடைமை உருவம், அது பெயரடைபோல் நிற்கிறது, ப்ரோநவுனுக்கு ஆன்டிசிடென்ட் ஆக முடியாது என்று சில கையேடுகள் சொல்கின்றன என வாதாடினார். 2003இல் அந்தக் கேள்வியைக் கணக்கிலிருந்து நீக்கி மதிப்பெண்களைத் திருத்தினார்கள்.

ஆசிரியரின் விடாப்பிடி மதிக்கத்தக்கது. ஆனால் அந்த விதியை நான் ஏற்கவில்லை. "ரவி'ஸ் மதர் லவ்ஸ் ஹிம்" என்ற வாக்கியத்தில் ஹிம் யார் என்று யாருக்காவது ஐயம் வருமா? அம்மா பெண், ஆகவே ஹிம் ரவிதான். "ரவி'ஸ் ஃபாதர் செட் ஹி வாஸ் இல்" என்றால்தான் வம்பு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, ரவிக்கா? குழப்பம் வருவது அங்கே இரண்டு ஆண்கள் இருப்பதால், அபாஸ்ட்ரஃபியால் அல்ல. அமெரிக்கத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த விதி இருப்பதைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கே உரிய சில சறுக்கல்களும் இருக்கின்றன. முதலாவது மரியாதைப் பன்மை. 'எங்க பாட்டி வந்தாங்க, அவங்க ஊர்ல மழையாம்' என்று நினைத்துக்கொண்டு எழுதினால் "மை கிராண்ட்மதர் கேம். தே செட்…" என்று வந்துவிடும். ஆங்கில வாசகர் பாட்டியோடு இன்னும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பின்னால் தேடுவார். ஆங்கிலத்தில் மரியாதையை ப்ரோநவுனில் காட்ட இடமில்லை. பாட்டியும் ஷி, பக்கத்து வீட்டுச் சிறுமியும் ஷி. கடிதத்தில் மரியாதை வேண்டுமென்றால் மேடம், டாக்டர், ப்ரொஃபசர் என்று பெயரோடு சேருங்கள்.

இரண்டாவது குழந்தையும் விலங்கும். நமக்குக் குழந்தை 'அது' தான், கொஞ்சும்போதுகூட. ஆங்கிலத்தில் பால் தெரியாத குழந்தையை 'இட்' என்று பொதுவாக எழுதலாம். ஆனால் எதிரில் நிற்கும் பெற்றோரிடம் அவர்கள் மகளை 'இட்' என்றால் முகம் மாறிவிடும். வளர்ப்பு நாய்க்கும் பெயர் தெரிந்தபின் ஹி அல்லது ஷி. கப்பலை 'ஷி' என்பது பழைய மரபு, கப்பல் துறையின் பழம்பெரும் நாளிதழான லாய்ட்ஸ் லிஸ்ட் கூட 2002இல் 'இட்'டுக்கு மாறிவிட்டது. நாட்டை 'ஷி' என்று எழுதும் பழக்கமும் கவிதைக்குள் சுருங்கிவிட்டது, செய்தியில் 'இட்ஸ்' போதும்.

மூன்றாவது மொழிபெயர்ப்பாளர்களுக்கு. தமிழ்ச் செய்தியில் 'நீதிபதி தன் தீர்ப்பில் குறிப்பிட்டார், மேலும் அவர்…' என்று பத்து வரி ஓடும், நீதிபதி ஆணா பெண்ணா என்று கடைசிவரை தெரியாது. 'அவர்' இரு பாலுக்கும் பொது. ஆங்கிலத்தில் இரண்டாவது வரியிலேயே ஹி அல்லது ஷி என்று முடிவு செய்தாக வேண்டும். பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். ஜோதி, கிரண், மதி எல்லாம் இரு பாலிலும் இருக்கும் பெயர்கள். நீதிமன்றத்தின் இணையதளத்திலோ ஆங்கில நாளிதழின் அதே செய்தியிலோ சரிபாருங்கள். அங்கும் கிடைக்கவில்லை, அச்சுக்கு நேரமாகிவிட்டது என்றால், 'த ஜட்ஜ்', 'த கோர்ட்' என்று பெயர்ச்சொல்லையே மாற்றி மாற்றி எழுதுங்கள். 'த கோர்ட்' என்று தொடங்கிய வாக்கியத்தில் ப்ரோநவுன் தேவைப்பட்டால் 'இட்' போட்டுக்கொள்ளலாம்.